புதுப்பிப்பு: டூப்ளோ கோட்டையில் விடுபட்ட கட்டைகளுக்குத் தீர்வு கிடைத்தது

உறவினர் தந்த பழைய டூப்ளோ (சிறு குழந்தைகளுக்கான லெகோவின் பெரிய கட்டைகள்) கோட்டைத் தொகுப்பில் மதிலின் உச்சிக் கட்டைகள் சில இல்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சாதாரண லெகோ கட்டைகளை மேலே பொருத்தலாம் என்ற யோசனையே பலித்தது. டூப்ளோ கட்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரண லெகோ கட்டையைப்போல் இரு மடங்கு என்பதால், எட்டுக் குமிழ்கள் கொண்ட லெகோ கட்டை அதன்மேல் இறுக்கமாக அமர்கிறது. இரண்டு அடுக்கு வைத்தால் ஒரு டூப்ளோ கட்டையின் உயரம் சரியாக வந்துவிடுகிறது. இடைவெளி விட்டு அடுக்கியதும், வீரர்கள் மறைந்து நின்று அம்பெய்யும் ஞாயில்கள் போலவே மதில் அழகாக அமைந்தது.

எதிர்பாராதது ஒன்று: இரண்டு வயது இளையவள் அச்சிறு கட்டையை வாயில் வைத்துவிட்டாள். ஆகவே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இவ்வழி வேண்டாம். நாங்கள் அவள் உறங்கும்போது மட்டுமே உச்சியைக் கட்டுகிறோம்.