மறு: 'வெயிட்' கட்டளைக்குத் தமிழ்: 'முடிவுக் காத்திருப்பு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏர்வாடித் தம்பி கேட்ட கேள்வியிலிருந்து இழை எங்கெங்கோ போய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். தம்பி பைத்தானில் எழுதிய குறுநிரல் விடியற்காலையில் தானாக ஓடும். அலை முன்னறிவிப்புக் கோப்பை ஒரு கட்டளைவரி நிரலிடம் கொடுக்கும். அந்த நிரல் அதைத் தமிழ் வாக்கியங்களாக்கி வேறொரு கோப்பில் எழுதும். அடுத்த வரி அந்தக் கோப்பை எடுத்துப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும். ஒருநாள் குழுவுக்கு வந்த செய்தி, "கீழக்கரை முதல் பாம்பன் வரை அலை உயரம்" என்பதோடு நின்றுவிட்டது. எவ்வளவு உயரம் என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததுதான். பைத்தானிலிருந்து வேறு நிரல்களை ஓட்ட உதவும் சப்ப்ராசஸ் தொகுப்பில் உள்ள 'பாப்பன்' நிரலைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். எழுதும் வேலை பாதியில் இருக்கும்போதே அனுப்பும் வரி ஓடிவிட்டது. 'ரன்' என்று அழைத்திருந்தால் நிரல் முடிந்த பிறகே அடுத்த வரிக்கு வந்திருக்கும். தம்பி அதைச் செய்யாமல் நடுவில் 30 வினாடி 'ஸ்லீப்' போட்டார், அதாவது அவ்வளவு நேரம் சும்மா நிற்கச் சொன்னார். சில நாள் ஓடியது, கோப்பு பெரிதாக வந்த அன்று மறுபடியும் அரைச் செய்தி.

இங்கேதான் கலைச்சொல் வேலை. 'ஸ்லீப்', தொடங்கிவைத்த நிரல் முடியும்வரை நிற்கும் 'வெயிட்' இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் 'காத்திரு' என்றே போட்டு வைத்திருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். பாம்பன் கால்வாயைக் கடக்க நிற்கும் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து நங்கூரத்தை எடுப்பதில்லை. பழைய தூக்குப்பாலமானாலும் 2025 ஏப்ரலில் திறந்த புதியதானாலும், பாலம் மேலே போனால்தான் நகரும். அதுதான் 'வெயிட்'. அரைமணி ஆயிற்று, பாலம் எப்படி இருந்தால் என்ன என்று கிளம்புவது 'ஸ்லீப்'. அதற்கு 'உறங்கு' போதும், சண்டை வேண்டாம்.

'வெயிட்'டுக்கு வந்த பரிந்துரைகளில் மண்டபத்து அக்காவின் 'பொறு' எனக்கும் பிடித்தது. சுருக்கம், வாயில் வருகிற சொல். ஆனால் எதுவரை பொறுப்பது என்பது அதில் இல்லை. அப்புறம் பெயர்ச்சொல்லாக்கினால் 'பொறுத்தல்' மன்னிப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தொண்டி ஐயா சொன்ன 'ஒத்திவை' வேண்டாம். அது வேலையைத் தள்ளிப்போடுவது. இங்கே வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 'முடிவுகாத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார், கிட்டத்தட்ட வந்துவிட்டார். ஆனால் அதைப் படிக்கிறவர் முடிவைப் பாதுகாப்பது என்று எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை 'முடிவுக் காத்திருப்பு'. நீளம்தான். ஆனாலும் இதற்காக வாதாடுவேன், ஏனென்றால் 'வெயிட்' செய்வது ஒரு வேலை இல்லை, இரண்டு. சேய்ச்செயல், அதாவது நம் நிரல் (தாய்ச்செயல்) தொடங்கிவைத்த நிரல், முடியும்வரை நிற்கிறது. முடிந்ததும் அது விட்டுச்சென்ற எண்ணை வாங்கிக்கொள்கிறது. பூச்சியம் என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் ஏதோ கோளாறு. லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷில் 127 வந்தால் அப்படியொரு கட்டளையே கிடைக்கவில்லை என்று பொருள். யூனிக்ஸில் தாய்ச்செயல் இந்த எண்ணை வாங்காமல் விட்டால், முடிந்துபோன சேய் 'ஜோம்பி'யாக, இயங்குதளம் வைத்திருக்கும் செயல் அட்டவணையில் இடம்பிடித்துக்கொண்டு கிடக்கும். 'முடிவு' என்றால் முடிதலும் உண்டு, 'தேர்வு முடிவு' என்கிறபோது வரும் விளைவும் உண்டு. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. அந்த எண்ணை 'வெளியேற்ற நிலைக் குறியீடு' என்று நாம் இழுத்துக்கொண்டிருப்பதையும் 'முடிவெண்' என்று சுருக்கிவிடலாம்.

தம்பிக்கு ஒன்று. 'ரன்' போட்டால் மட்டும் போதாது, முடிவெண்ணையும் பாருங்கள். நிரல் பாதியில் விழுந்தாலும் அது முடிந்ததாகத்தான் கணக்கு. முடிவெண் பூச்சியமாக இல்லையென்றால் குழுவுக்கு எதையும் அனுப்பாதீர்கள். அலை உயரம் அரைகுறையாகப் போவதைவிடப் போகாமல் இருப்பது மேல். 'பாப்பன்'தான் வேண்டுமென்றால் வெளியீட்டைக் குழாயில் (ஒரு செயலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் 'பைப்') விட்டுவிட்டு 'வெயிட்' போடாதீர்கள். லினக்ஸில் குழாயின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட்டுதான். அது நிரம்பியதும் சேய் எழுத முடியாமல் நிற்கும், தாயோ சேய் முடியட்டும் என்று நிற்கும். விடிந்தாலும் இரண்டும் நகராது. 'கம்யூனிகேட்' போட்டால் படித்துக்கொண்டே காத்திருக்கும். இப்படி ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் 'டெட்லாக்' நிலைக்கு 'முட்டுக்கட்டை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

விண்டோஸ்காரர்கள் 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'வெயிட்' தெரிவைச் சேர்ப்பதும் இதே முடிவுக் காத்திருப்புதான். தனிச்சொல் தேவையில்லை. தன்னைத்தானே பின்னணிக்கு அனுப்பிவிட்டு முன்னால் நின்ற செயலை முடித்துக்கொள்ளும் நிரல்கள்தான் தொல்லை. காத்திருப்பு முடிந்துவிடும், வேலை முடிந்திருக்காது. அதற்குப் பெயர் வைப்பதைத் தனி இழையில் பேசுவோம்.

இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று வைக்கும் 'டைம்அவுட்'டுக்குக் 'காலக்கெடு' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளை வடிவத்துக்கு 'முடிவுக்குக் காத்திரு' என்று விரித்தே எழுதலாமா, குறுக்க வேண்டுமா? பெயர்ச்சொல்லைப் பிரித்து எழுதுவதா, சேர்த்தா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.