கேம் கண்ட்ரோலரும் சிமுலேட்டரும் கொண்டு ட்ரோன் ஓட்டக் கை பழக்கலாமா?

வயல்வரப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நெல் சாகுபடி இருக்கிறது. மருந்து தெளிக்கும் ட்ரோனை முறையாக இயக்கக் கற்றுக்கொள்வதற்காக, விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றில் ரிமோட் பைலட் வகுப்பில் சேர இருக்கிறேன். பாடம், சிமுலேட்டர், களத்தில் பறக்கவிடுதல் ஆகிய மூன்றும் அங்கே சில நாள்களுக்குள் முடிந்துவிடும் என்பதால், சேருவதற்கு முன்பே வீட்டில் கையை ஓரளவு பழக்கிக்கொண்டால் களத்தில் கிடைக்கும் நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

தம்பியின் பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரும் நடுத்தரமான ஒரு மடிக்கணினியும் என்னிடம் உள்ளன. லிஃப்ட்ஆஃப் என்ற பந்தய ட்ரோன் சிமுலேட்டரை நிறுவி, தானாகச் சமநிலைக்கு வரும் ஆங்கிள் மோடில் வைத்துப் பழகிவருகிறேன். அதில் இடது ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்தால் ட்ரோன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுகிறது. கைப்பேசியில் இருந்த ஒரு கேமரா ட்ரோன் விளையாட்டிலோ, கையை எடுத்தால் அது இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. இவற்றில் எது உண்மையான ட்ரோனின் நடத்தை என்று எனக்குத் தெரியவில்லை. தவறான ஒன்றில் கை ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது கடினமாகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

மேலும், ட்ரோனின் முகம் என் பக்கம் திரும்பியவுடன் இடது வலது எல்லாம் குழம்பிப்போகிறது. இதற்குக் கண்ட்ரோலரே போதுமா, அல்லது உண்மையான ரிமோட் வாங்கித்தான் பழக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காற்றாடி (பதில்)

நீங்கள் பார்த்த இரண்டு நடத்தைகளும் உண்மையானவையே. இரண்டும் வெவ்வேறு வகை ட்ரோன்களுக்கு உரியவை.

பந்தய ட்ரோனில் இடது ஸ்டிக்கின் மேல்கீழ் அசைவு, அதாவது த்ராட்டில், மோட்டார்களுக்குப் போகும் விசையை நேரடியாகத் தீர்மானிக்கிறது. அத்தகைய ட்ரோனின் எடையோடு ஒப்பிட்டால் அதன் இழுவிசை பல மடங்கு அதிகம் என்பதால், கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கொடுத்தாலே அது அந்தரத்தில் நின்றுவிடும். கேம் கண்ட்ரோலரின் ஸ்டிக்கோ ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பிவிடுகிறது. நடு என்றால் பாதி விசை. அதனால்தான் நீங்கள் விரலை எடுத்ததும் அது மேலே பாய்கிறது. ஆங்கிள் மோடு ட்ரோனின் சாய்வை மட்டும்தான் நேராக்கும். உயரத்தைப் பிடித்து வைக்காது.

ஜிபிஎஸ் கொண்ட கேமரா ட்ரோன்களிலும் தெளிப்பு ட்ரோன்களிலும் நிலைமை வேறு. அவற்றில் இடது ஸ்டிக் ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. நடுவில் விட்டால் உயரம் அப்படியே நிற்கும். ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருளில், ஜிபிஎஸ் உதவியால் இடத்தையும் உயரத்தையும் பிடிக்கும் லாய்ட்டர், உயரத்தை மட்டும் பிடிக்கும் ஆல்ட் ஹோல்டு ஆகிய மோடுகளில் த்ராட்டில் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் உயரம் மாறாது. ஆகவே உங்கள் நோக்கத்துக்கு ஸ்பிரிங் வைத்த கேம் கண்ட்ரோலர் பகையல்ல. லிஃப்ட்ஆஃப்தான் உங்கள் பயிற்சிக்குச் சற்றுப் பொருந்தாத கருவி.

என்னுடைய பரிந்துரை மிஷன் பிளானர் என்ற இலவச மென்பொருள். அதில் சிமுலேஷன் என்ற பகுதிக்குச் சென்று மல்டிரோட்டரைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான ஆர்டுபைலட் நிரலே உங்கள் கணினிக்குள் ஓடத் தொடங்கும். ஜாய்ஸ்டிக் பக்கத்தைத் திறந்து, ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு), த்ராட்டில், ரடர் (யா எனப்படும் இடவலத் திரும்பல்) ஒவ்வொன்றுக்கும் உரிய ஸ்டிக்கை அசைத்து அடையாளம் காட்டினால் கண்ட்ரோலர் இணைந்துவிடும். ஸ்டிக்கை மேலே தள்ளும்போது காட்டிப் பட்டை கீழே போனால், அந்த அச்சுக்கு எதிரே உள்ள ரிவர்ஸ் கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். காட்சி வரைபடமாகத்தான் தெரியும், வயலும் மரமும் தெரியாது. ஆனால் லாய்ட்டர், ஆல்ட் ஹோல்டு, புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும் ஆர்டிஎல் ஆகியவற்றில் ட்ரோன் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இலவச வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறிப்பாக ஆல்ட் ஹோல்டில் அதிக நேரம் செலவிடுங்கள். ஜிபிஎஸ் கைவிட்டால் ட்ரோன் உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காற்றோடு நகர்ந்துபோகும்; அதை வலது ஸ்டிக்கால் இடத்தில் நிறுத்துவது உங்கள் கையின் வேலை. சிமுலேஷனில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளவுருக்களாகக் கொடுக்க இயலும். மெல்லிய காற்றில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள்.

கண்ட்ரோலரைப் பற்றி இரண்டு குறிப்புகள். புளூடூத்தை விட யூஎஸ்பி கம்பியில் இணைப்பது நல்லது. தாமதமும் துண்டிப்பும் குறையும். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளம் வழியாக ஓடும் சிமுலேட்டர்களில் ஸ்டீம் இன்புட் என்ற வசதி கண்ட்ரோலரை வேறு வகையாக மாற்றிக் காட்டுவதால், ஒரே அசைவு இருமுறை பதிவாவது உண்டு. அப்படி நடந்தால் அந்தச் சிமுலேட்டருக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

நாற்சுழலி (பதில்)

காற்றாடி அவர்கள் த்ராட்டிலைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் கண்ட்ரோலர் போதும் என்பதில் நான் சற்று மாறுபடுகிறேன்.

கேம் கண்ட்ரோலரின் ஸ்டிக் மிகக் குட்டை. கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தாலே முழு வீச்சும் முடிந்துவிடுகிறது. ரிமோட்டின் ஸ்டிக்கில் அதே வீச்சுக்கு நீண்ட பயணம் இருப்பதால் நுண்ணிய திருத்தம் எளிது. இன்னொன்று, கண்ட்ரோலரின் ஸ்டிக் வட்டமான பள்ளத்துக்குள் நகர்கிறது, ரிமோட்டில் அது சதுரம். முழு த்ராட்டிலையும் முழு யா அசைவையும் ஒரே நேரத்தில் கொடுக்க ஸ்டிக் மூலைக்குப் போக வேண்டும். வட்டத்தில் மூலையே கிடையாது. கேலிப்ரேஷன் திரையைத் திறந்து ஸ்டிக்கை ஓரத்தோடு ஒருமுறை சுழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலும், நாள்பட்ட கண்ட்ரோலர்களில் ஸ்டிக் சரியாக நடுவுக்கு வராமல் போவதால், நடுவை ஒட்டிய அசைவைக் கணக்கில் எடுக்காத டெட் சோன் வைக்க வேண்டியிருக்கிறது. நடுவை ஒட்டிய அந்தச் சிறு அசைவுகளில்தான் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி ஹோவர் செய்யும் திறமையே இருக்கிறது. டெட் சோன் அவற்றை விழுங்கிவிடுகிறது.

இப்போதைக்கு கண்ட்ரோலரிலேயே தொடர்வதானால், டெட் சோனை ஸ்டிக் நடுங்காத அளவுக்கு மட்டும் மிகக் குறைவாக வைத்து, ரோல், பிட்ச், யா மூன்றுக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பைச் சற்று உயர்த்துங்கள். நடுப்பகுதி மென்மையாகும். லிஃப்ட்ஆஃப் போன்றவற்றில் ரேட்ஸ் என்னும் சுழற்சி வேகத்தையும் பாதிக்கு மேல் குறையுங்கள். பந்தய ட்ரோன்களை இயக்கும் பீட்டாஃப்ளைட் மென்பொருளின் இயல்பான அமைப்பில் அது நொடிக்கு 670 டிகிரி வரை போகும், குட்டை ஸ்டிக்கில் அதைக் கட்டுப்படுத்துவது யாருக்கும் கடினம்.

பிறகு வசதிப்படும்போது, காந்தத்தால் அசைவை அறியும் ஹால் சென்சார் ஸ்டிக் கொண்ட சிறிய ரேடியோ, அதாவது ரிமோட், ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ரேடியோமாஸ்டர் பாக்கெட் போன்றவை எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்குகின்றன. யூஎஸ்பியில் செருகி ஜாய்ஸ்டிக் என்று தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலான சிமுலேட்டர்கள் அதை ஏற்றுக்கொள்ளும். பின்னாளில் நீங்களே ஒரு சிறு ட்ரோன் கட்டினாலும் அதே ரேடியோ பயன்படும்.

சிமுலேட்டர் வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ட்ரோன் ரேசிங் லீக் சிமுலேட்டர் போட்டி வைத்தே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சூரிக் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஸ்விஃப்ட் என்ற தானியங்கி ட்ரோன் மனித சாம்பியன்களைப் பந்தயத்தில் வென்ற செய்தி 2023இல் நேச்சர் இதழில் வந்தது. அது கற்றதெல்லாம் சிமுலேட்டரில்தான். ஆனால் உண்மைப் பறப்பில் எடுத்த தரவைக் கொண்டு அந்தச் சிமுலேட்டரைத் திருத்திய பிறகே அந்த வெற்றி கைகூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

களப்பயிற்சி (பதில்)

நான் ஸ்மால் வகை (2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை எடையுள்ள) ட்ரோன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது த்ராட்டிலில் அல்ல, நண்பர் கடைசியாகக் கேட்ட அந்த முகம் திரும்பும் இடத்தில்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ட்ரோனின் வால் உங்கள் பக்கம் இருக்கும்வரை உங்கள் வலமும் அதன் வலமும் ஒன்றே. முகம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் வலது ஸ்டிக்கின் பக்கவாட்டும் முன்பின்னும் தலைகீழாகின்றன. இந்த நிலையில் மூளைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சாயும் வாழைக்குச் சாயும் பக்கத்திலிருந்து முட்டுக் கொடுப்பதைப் போல, ட்ரோன் உங்கள் பார்வையில் எந்தப் பக்கம் சரிகிறதோ அதே பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அது நிமிர்ந்துவிடும். முகம் காட்டியபடி உங்களை நோக்கி வந்தால் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள், அது விலகிப்போகும். இந்த இரண்டும் யோசிக்காமல் வர வேண்டும். அதற்குக் கண்ட்ரோலரே தாராளமாகப் போதும், ஏனெனில் இங்கே பழகுவது விரலைவிடக் கண்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ட்ரோனின் கேமரா வழியாகப் பார்க்கும் எஃப்பிவி காட்சியில் இந்தக் குழப்பமே எழாது, ஆகவே அதில் எவ்வளவு பழகினாலும் இந்தத் திறமை வராது. தரையில் நிற்கும் பைலட்டின் கண்ணிலிருந்து பார்க்கும் காட்சி உங்களுக்கு வேண்டும். ரியல்ஃப்ளைட் போன்ற, ரிமோட்டால் ஓட்டும் மாதிரி விமானங்களுக்கான ஆர்சி சிமுலேட்டர்களில் அதுதான் இயல்பான காட்சி. வாலை உங்கள் பக்கம் வைத்து ஹோவர், பிறகு இடப்பக்கம் காட்டி, வலப்பக்கம் காட்டி, கடைசியாக முகம் காட்டி ஹோவர் என்று நான்கு நிலைகளிலும் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். நான்கும் கைவந்த பிறகே சதுரம், வட்டம், எட்டு வடிவம். எட்டு வடிவத்தில் யாவையும் ரோலையும் இணைத்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், முதலில் மிக மெதுவாக, கோடு கோணலானாலும் உயரம் மாறாமல் போக முயலுங்கள். உயரம் மாறுகிறது என்றால் இடது கட்டைவிரல் யாவைக் கொடுக்கும்போது தன்னையறியாமல் த்ராட்டிலையும் அசைக்கிறது என்று பொருள். குட்டை ஸ்டிக்கில் இந்தக் கலப்பு அதிகம். ரிமோட்டுக்கு மாறியதும் குறையும்.

திரை காட்டாதவை சில உண்டு. திரையில் தொலைவு தெரியாது. வயலின் அந்தக் கோடியில் நிற்கும் ட்ரோன் வரப்புக்கு இப்பாலா அப்பாலா என்பதைக் கண்டுபிடிப்பது களத்தில்தான் வரும். தெளிப்பு ட்ரோனில் 10 லிட்டர் மருந்து நிரப்பினால் ஏறத்தாழ 10 கிலோ கூடுகிறது, தெளிக்கத் தெளிக்க அது குறைகிறது. புறப்படும்போது மந்தமாக இருந்த அதே ட்ரோன் திரும்பி வரும்போது துள்ளும். தொட்டிக்குள் திரவம் அலைவதால் திடீரென்று நிறுத்தினால் ஓர் உலுக்கல் வரும். நேர்செங்குத்தாக வேகமாக இறக்கினால் தன் இறக்கைக் காற்றுக்குள்ளேயே ட்ரோன் சிக்கி ஆடும். இதைப் பல சிமுலேட்டர்கள் சரியாகக் காட்டுவதில்லை. சற்று முன்னே நகர்ந்தபடி மெதுவாக இறக்கும் பழக்கத்தைத் திரையிலேயே உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

தெளிப்பு வேலையின் பெரும்பகுதி முன்கூட்டியே வரைந்த பாதையில் தானாகவே நடக்கும் என்பது உண்மைதான். ஆயினும் மின்கம்பியோ தென்னையோ குறுக்கிட்டால், வரப்பில் ஆள் வந்து நின்றால், கட்டுப்பாட்டை அந்த நொடியில் கையில் எடுக்க வேண்டியவர் பைலட்தான். சிமுலேட்டரில் தானியங்கிப் பாதையை ஓடவிட்டு, நடுவில் மோடை மாற்றி நிறுத்திக் கையால் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். மிஷன் பிளானரில் இது முடியும்.

இதற்கிடையில் உண்மையாக ஏதேனும் பறக்கவிட விரும்பினால் 250 கிராமுக்கு மிகாத நானோ ட்ரோன் போதும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி நானோ ட்ரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்று தேவையில்லை. எனினும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது.

வயல்வரப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மிஷன் பிளானரில் கண்ட்ரோலர் இணைந்துவிட்டது. ஆல்ட் ஹோல்டில் காற்றைக் கூட்டியதும் ட்ரோன் ஒரு பக்கமாக நகர்ந்து போவதைப் பார்த்தபோதுதான் ஜிபிஎஸ் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது புரிந்தது. ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கண்ட்ரோலரில் கட்டைவிரலை ஸ்டிக்கின் மேலே வைத்து ஓட்டுகிறேன். ரிமோட்டில் சிலர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஸ்டிக்கைப் பிடிப்பதைப் பார்த்தேன். இப்போதே எப்படிப் பழக வேண்டும்?

களப்பயிற்சி

இரண்டும் சரியான முறைகளே, ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. இரு விரல் பிடிக்கு ஸ்டிக் நீளமாக இருக்க வேண்டும். கண்ட்ரோலரில் அதற்கு இடமில்லை, முயலவும் வேண்டாம். கட்டைவிரலிலேயே தொடருங்கள். வகுப்பில் ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டி அதன் எடையைப் பட்டை தாங்கும்படி வைத்துக்கொண்டு, முதல் நாளில் இரண்டு பிடிகளையும் முயன்று பாருங்கள். கை எதில் இறுகாமல் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம். மோடு 2 அமைப்பில்தான், அதாவது இடப்பக்கம் த்ராட்டிலும் யாவும் வலப்பக்கம் பிட்ச்சும் ரோலும் என்ற முறையில்தான், பழகிவருகிறீர்களா என்பதை மட்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் பயிற்சி ட்ரோன்கள் எல்லாம் அந்த அமைப்பில்தான் உள்ளன; நீங்கள் சேரும் நிறுவனத்திலும் எந்த மோடு என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.