ஒப்புதல் வரும்வரை ஸ்கிரிப்டுகளைத் தானாகத் தடுப்பதா, கையால் தடுப்பதா?

வலைத்தச்சன்:
நேற்று ஒரு தளத்தைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்ற பேனர் ஒழுங்காக வருகிறது. (குக்கி என்பது தளம் பார்வையாளரின் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு.) பக்கத்துக்குள் நடப்பதைக் காட்டும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால், நான் எதையும் தொடும் முன்பே அனலிட்டிக்ஸ் (வருகையை அளக்கும்) குக்கி, விளம்பரக் குக்கி எல்லாம் இறங்கிவிட்டன. 'வேண்டாம்' அழுத்தினேன், ஒன்றுகூட நகரவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காதது ஏமாற்று. ஒப்புதல் வரும்வரை எல்லா வெளி ஸ்கிரிப்டுகளையும் (வேறு தளங்களிலிருந்து வந்து பக்கத்தில் ஓடும் சிறு நிரல்களையும்) பிளகின், அதாவது தளத்தில் சேர்க்கும் துணைநிரல், தானாகவே நிறுத்திவைக்க வேண்டும். தளம் நடத்துபவர் பொறுப்பில் விட்டால் வேலை நடக்காது.

நிரல்வேலி:
நோக்கத்தோடு ஒத்துப்போகிறேன், வழியோடு இல்லை. தானியங்கித் தடுப்பு எப்படி வேலை செய்கிறது? அதுவும் ஒரு ஸ்கிரிப்ட்தான். பக்கத்தில் புதிதாக எது சேர்கிறது என்று கவனித்து, தன் பட்டியலில் உள்ள முகவரியாக இருந்தால் அந்த ஸ்கிரிப்டின் டைப்பை (வகைக் குறிப்பை) மாற்றி ஓடவிடாமல் செய்கிறது. ஆனால் ஹெச்டிஎம்எல்லில் நேரடியாக எழுதிய ஸ்கிரிப்டை பிரவுசர் முன்கூட்டியே மோப்பம் பிடித்து இறக்கத் தொடங்கிவிடும். ஸ்கிரிப்ட் ஓடாமல் நிற்கலாம். ஆனால் அந்த வெளி முகவரிக்குக் கோரிக்கை போய்விட்டது, அதோடு பார்வையாளரின் ஐபி முகவரியும் போய்விட்டது.

சர்வர் தன் பதிலின் ஹெட்டரிலேயே (பக்கத்துக்கு முன்னால் வரும் குறிப்புப் பகுதியிலேயே) வைக்கும் குக்கியை எந்தப் பிளகின் ஸ்கிரிப்டும் தடுக்க முடியாது. அதிலும் ஹெச்டிடிபி-ஒன்லி என்று குறித்திருந்தால், அந்தக் குக்கி ஸ்கிரிப்டின் கண்ணுக்கே தெரியாது.

கையால் செய்வது எளிது. ஸ்கிரிப்டை அழைக்கும் ஹெச்டிஎம்எல் டேக்கில் டைப்பை நாமே 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' என்று எழுதி, முகவரியைத் தனிப் பண்பில் வைத்துவிட்டால் பிரவுசர் அதை வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். கோரிக்கையே போகாது. பத்து நிமிட வேலை.

கரும்பலகை:
நான் நிரலாளர் இல்லை, சின்னத் தளம் ஒன்றை நடத்துகிறேன். தானியங்கித் தடுப்புள்ள ஒரு பிளகினைப் போட்டேன். அது தொடர்புப் படிவத்தின் கேப்சாவையும் (ஆளா, இயந்திரமா என்று பார்க்கும் சோதனையையும்) விளம்பர ஸ்கிரிப்டோடு சேர்த்து நிறுத்திவிட்டது. பேனரை மூடாமல் படித்தவர்கள் படிவத்தை நிரப்பி அனுப்பினால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. மூன்று வாரம் ஒரு கடிதம்கூட வரவில்லை. என்னை யாருக்கும் தேவையில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலைத்தச்சன்:
உங்கள் அனுபவம் வலிக்கிறது. ஆனாலும் அது பட்டியலின் பிழை, கொள்கையின் பிழை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 மின்-தனியுரிமை நெறிமுறையில் 5(3) பிரிவு 2009-இல் திருத்தப்பட்டபோதே, பயனரின் கருவியில் எதையும் சேமிக்கும் முன் ஒப்புதல் வேண்டும் என்றாகிவிட்டது. பயனர் கேட்ட சேவைக்குக் கட்டாயம் தேவையானதற்கு விலக்கு உண்டு. 2019 அக்டோபரில் பிளானட்49 என்ற நிறுவனத்தின் வழக்கில், முன்னதாகவே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 10 கோடி யூரோ, அமேசானுக்கு 3.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. காரணங்களில் முக்கியமானது, ஒப்புதலுக்கு முன்பே விளம்பரக் குக்கி இறங்கியது. அவ்வளவு பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், பத்து நிமிட வேலையை மற்றவர்கள் செய்வார்கள் என்று எப்படி நம்புவது?

எண்ணும்எழுத்தும்:
குறுக்கே வருகிறேன். எல்லாவற்றையும் தடுத்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதே தெரியாது. எழுதுகிறவனுக்கு அதுகூட வேண்டாமா?

நிரல்வேலி:
வேண்டும். சர்வர் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை) எண்ணினாலே ஓரளவு தெரியும், அதற்குக் குக்கி தேவையில்லை. அதே பிரெஞ்சு ஆணையம், வருகையை மட்டும் அளக்கும் கருவிகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கும் தருகிறது. ஒரே ஆளைத் தளம் தளமாகப் பின்தொடர்வதுதான் சிக்கல்.

வலைத்தச்சன், உங்கள் கவலையை ஏற்கிறேன். தானியங்கிதான் வேண்டுமென்றால் சர்வரிலேயே செய்யுங்கள்: பக்கம் வெளியேறும் முன் டேக்கை மாற்றி எழுதினால் பிரவுசர் முந்திக்கொள்ள வழியில்லை. ஆனால் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் என்ன செய்வீர்கள்? ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டைப் பக்கத்திலிருந்து வெளியேற்ற முடியாது, பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். வேறு டொமைனின் (தள முகவரியின்) குக்கியை உங்கள் ஸ்கிரிப்டால் அழிக்கவும் முடியாது. இதையெல்லாம் பிளகின் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் மக்கள் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். என் கோபம் அதன்மேல்தான்.

வலைத்தச்சன்:
சர்வரில் மாற்றுவது சரியான வழி, ஏற்கிறேன். கையால் செய்வது எல்லோருக்கும் ஆகும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. பூட்டு சரியில்லை என்பதற்காகக் கதவைத் திறந்துபோட முடியாது.

கரும்பலகை:
நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தளத்தைப் புதிய சாளரத்தில் திறந்து டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். 14 வெளி முகவரிகள். ஐந்து எதற்கென்று எனக்கே தெரியவில்லை; ஒன்று, எப்போதோ கைவிட்ட பகிர்வு பொத்தானுடையது. அந்த ஐந்தையும் இப்போது நீக்கிவிட்டேன், தளம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு வீடியோ இருக்கிறது. அதை வெறும் படமாக வைத்து, அழுத்தினால் மட்டும் ஏறும்படி செய்ய என்ன எழுத வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.