புதுப்பிப்பு: சென்ட்ரோசோம் த்ரெட்ல ஒரு திருத்தம்

போன வாரம் போட்ட த்ரெட்ல, செல் பிரியுறதுக்கு முன்னாடி புரோட்டீன் எல்லாம் சென்ட்ரோசோம் (செல்லுக்குள்ள இழைகள முளைக்க வைக்கிற குட்டி மையம்) மேல வெளிப்பக்கமா வந்து ஒட்டிக்கும்னு எழுதிட்டேன், அது தப்பு, மன்னிச்சுக்கோங்க. பழ ஈ கருவுல, சென்ட்ரோசோம்ல சேர்ற சிஎன்என்ங்கற புரோட்டீனுக்கு ஒளிரும் டேக் போட்டு, லேசர் அடிச்சு அந்த வெளிச்சத்த அணைச்சுட்டுப் பாத்தா, திரும்பி வர்ற வெளிச்சம் முதல்ல நட்ட நடுவுல, சென்ட்ரியோல்ங்கற குட்டிக் குழாய் மாதிரி அமைப்ப ஒட்டித்தான் தெரியுது, அப்புறம்தான் மெல்ல வெளிய பரவுது. உள்ளருந்து கட்டிட்டு வருது, எனக்கு இது அவ்ளோ அழகா இருக்கு!

போலோ கைனேஸ்ங்கற என்சைம் பாஸ்பேட்ட ஏத்துனாத்தான் சிஎன்என் ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு, கட்டடத்துக்குக் கட்டுற சாரம் மாதிரி நிக்கும், அதுலதான் காமா டியூபுலின்ங்கற புரோட்டீன் வந்து உக்காந்து மைக்ரோடியூபுல்ங்கற இழைகள முளைக்க வைக்கும். மனுஷ செல்லுலயும் இதே குடும்பம்தான், சிஎன்என்னுக்கு அங்க பேரு சிடிகே5ஆர்ஏபி2, போலோவுக்கு பிஎல்கே1. சி. எலிகன்ஸ் புழுவுல செல் பிரியுற வேல முடிஞ்சதும், பாஸ்பேட்ட எடுக்குற பிபி2ஏ பாஸ்படேஸ் என்சைம் வந்து சாரத்த கலைச்சுடுது.