புல்லட்: கேம் ஒரு பல் தள்ளிவிட்டதா?

கேள்வி: என்னுடையது 1984 புல்லட் 350, வார்ப்பிரும்பு எஞ்சின். வால்வுகளைத் திறக்கும் கேம்களை மாற்றியபின் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. மேட்டில் இழுவையே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் "ஓட ஓடச் சரியாகும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஓட ஓடக் கேம் தானாகத் திரும்பி உட்காராது, தம்பி. வலப்பக்க டைமிங் மூடியைக் கழற்றுங்கள். பினியனிலும் (கிராங்க் முனையிலுள்ள சிறு பல்சக்கரம்) கேம் பல்சக்கரங்களிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பினியன் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் நட்டு இடமரை, அதாவது வலப்பக்கம் திருகினால்தான் கழலும், கவனம். வழக்கமான திசையில் பலம் காட்டி ஒன்றைப் பாழாக்கியவன் நான்.

கேள்வி கேட்டவர்: அதேதான், அண்ணா! இன்லெட் கேம் ஒரு பல் பின்தங்கியிருந்தது. வால்வை இயக்கும் பாகங்களுக்கிடையே விடும் டாப்பெட் இடைவெளி எவ்வளவு?

பதில்: இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வேண்டாம். எஞ்சின் ஆறியபின், இரு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சத்தில் பிஸ்டனை நிறுத்தி, வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடை விரலால் உருட்டுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக்கூடாது.