மறு: லீச்சிங் – 'கசிவு' போதுமா?

> 'கசிவு' என்றே போட்டுவிடலாமே. எதற்குப் புதுச்சொல்?

ஐயா, எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பொருளுக்குள் இருப்பது தண்ணீரில் கரைந்து வெளியேறுவதைத்தான் ஆங்கிலத்தில் லீச்சிங் (leaching) என்கிறார்கள்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் கேட்டேன். குழாய் கசிகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடைத்தால் நின்றுவிடும். நான் மொழிபெயர்க்கும் துண்டறிக்கையில் அடைப்பதற்கு ஓட்டையே கிடையாது.

விஷயம் அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புற மரமேடை. 'டெக்' என்பார்கள். கரையான் அரிக்காமலிருக்கப் பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிவந்தார்கள். மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைப்பது குரோமியத்தின் வேலை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து அடிமண்ணில் சேரும். கனெக்டிகட் மாநிலத்தில் 7 மேடைகளின் அடிமண்ணைச் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள்: ஆர்செனிக் சராசரி கிலோவுக்கு 76 மில்லிகிராம். மேடையின் பாதிப்பில்லாத மண்ணில் ஏறத்தாழ 4. வீட்டு உபயோகத்துக்கு இந்த மரம் செய்வதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய பலகைகள் போகவில்லை. அவற்றைப் பிரித்துக் காய்கறிப் பாத்திக்கு வரம்பு கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் துண்டறிக்கையே.

(இந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர் நம்மூர்க்காரர். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொண்டி காமேசம்.)

> 'கரைந்திறங்கல்' எப்படி?

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள் அண்ணா. ஆனால் படிக்கிறவருக்குப் பலகையே கரைவதுபோல் தோன்றும். பலகை அப்படியே இருக்கிறது, அதிலிருப்பதுதான் போகிறது.

காலையில் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு வீட்டில் என்ன கேட்கிறோம்? "டிகாஷன் கசிஞ்சுதா" என்றா? "இறங்கிடுச்சா" என்றுதானே! தூள் மேல்தட்டிலேயே கிடக்கிறது, சாரம் மட்டும் தண்ணீரோடு கீழே வருகிறது. லீச்சிங் என்பது இதேதான்.

அதோடு 'ஊறு' சேரட்டும். அரிசி ஊறினால் நீர் உள்ளே போகிறது, கிணறு ஊறினால் நீர் வெளியே வருகிறது. மரத்துக்கு இரண்டும் நடக்கிறது: ஆலையில் ஊறவைத்தார்கள், மழையில் ஊறி இறங்குகிறது. ஊறு என்றால் கேடு என்றும் பொருள் உண்டு, அது இலவச இணைப்பு. வெறும் 'ஊறல்' மட்டும் வேண்டாம். போலீஸ் அழித்த சாராய ஊறல்தான் கண்முன் வரும்.

என் முன்மொழிவு: லீச்சிங் – ஊறியிறங்கல். அப்படி இறங்கும் நீர் – இறங்குநீர். வயலில் போட்ட யூரியா மழையில் வேருக்குக் கீழே போவதற்கும் பொருந்தும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பழைய பலகையிலிருந்து ஆர்செனிக் ஊறியிறங்கும்; அதன் இறங்குநீர் படும் மண்ணில் கீரை போடாதீர்கள்." நாக்கு தடுக்கவில்லை.

'ஊறியிறங்கல்' என்றே விடலாமா, 'ஊறிறங்கல்' என்று சுருக்கலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.