புதுப்பிப்பு: 600 கேட்டால் 455 தந்த லைன், காரணம் கிடைத்தது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: ஷிஃப்டுக்கு 600 பெட்டி என்று பிளான், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அசெம்பிளி லைனில் வந்ததோ 455தான். பாதிப் பேர் "ஆள் போடுங்க" என்றீர்கள், மீதிப் பேர் "ஸ்டாப்வாட்ச் எடுங்க" என்றீர்கள். இரண்டாவதைக் கேட்டது நல்லதாப் போச்சு.

8 மணி நேரத்தில் இடைவேளை போக 420 நிமிடம். 600 பெட்டி என்றால் ஒன்றுக்கு 42 வினாடி. இதுதான் டாக்ட் டைம், அதாவது ஒரு பெட்டிக்கு நமக்கு இருக்கும் நேரம். ஜெர்மன் சொல், கிட்டத்தட்ட நம்ம தாளம். பிளானில் லைனின் ஆறு ஸ்டேஷனின் (வேலை செய்யும் இடங்களின்) சராசரியைப் போட்டிருந்தார்கள், அது 42க்குள் அழகாக அடங்கியது. ஆனால் நாலாவது மட்டும் 51 வினாடி. லைன் அதன் வேகத்தில்தான் ஓடும். நிற்காமல் ஓடினாலும் 494தான்.

அங்கே நிற்கும் அக்கா தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருபவர். பக்கத்தில் நின்று இருபது சுற்று அளந்தேன். வாட்சைப் பார்த்தால் யாருக்கும் கை பறக்கும், அதனால் முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் திரும்பி, பின்னாலிருக்கும் தட்டிலிருந்து நாலு ஸ்குரூ பொறுக்குகிறார்.

"தம்பி, தட்டு முன்னாடி இருந்தா நான் ஏன் திரும்பறேன்?"

திரும்புவதற்கே 8 வினாடி! தட்டை முன்னால் வைத்தோம், ஸ்டிக்கர் ஒட்டுவதை ஐந்தாவது ஸ்டேஷனுக்குத் தள்ளினோம். இப்போது 40.

நேற்று 561. மாடல் மாற்றுவதில் போகும் 25 நிமிடத்தை பிளானில் யாருமே கழிக்கவில்லை. கழித்தால் 600க்கு 39.5 வினாடி வேண்டும். பிளானரிடம் சொன்னேன். "பார்ப்போம் லா" என்றார்.